தரையில் விரிந்த ஊர்

1991-ஆம் வருஷம் மே மாதத்தில், கோடையின் உக்கிரம் தணியாத ஒரு சமயத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழிக்கு அருகே உள்ள ராமசாமிபட்டி என்னும் சிற்றூரில் ஒரு ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. திருச்சுழி என்றவுடன் ரமண மகரிஷி பிறந்த ஸ்தலம் என்பதே நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும்; ‘நான் யார்?’ என்ற விசாரத்தை உலகத்துக்குச் சொன்னவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலே ‘நாம் எத்தனை பேர்?’ என்ற எளிய விசாரம் நடந்ததென்று வைத்துக்கொள்ளலாம். மதுரையைச் சேர்ந்த ‘ஸ்பீச்’ என்னும் தொண்டு ஸ்தாபனம் சம்பந்தப்பட்ட ஒரு பயிற்சியை முன்னிட்டு அது நடந்தது. உத்தியோகஸ்தர் ஒருவரும் பேரேடும் பேனாவுமாக வீடு வீடாகப் போகவில்லை. ஊர்ஜனங்களே 5 பேர் முதல் 15 பேர் வரை கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிந்து, படம் வரைந்தும் விதைகளை வைத்து எண்ணியும், ஒரு குழுவின் கணக்கை மற்றொன்று பாராமல், தனித்தனியே கணக்கிட்டார்கள். நான்கு குழுக்களும் கொண்டுவந்து நிறுத்திய தொகை ஒன்றே: 355.

தங்கள் ஊரில் எத்தனை தலைகள் உண்டென்பது அந்த ஊராருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டுப் பையன் திருப்பூருக்குப் போனான் என்பதெல்லாம் கிணற்றடியிலும் டீக்கடையிலும் அன்றாடம் அலசப்படும் சங்கதிகளே. ஆச்சரியம் என்னவென்றால், அந்த அறிவை ஒரு கூட்டத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வெளியே கொண்டுவந்து, தவறிருந்தால் அங்கேயே திருத்தி, அதன்மேல் நின்று யோசனை செய்ய ஒரு வழி உண்டென்பதுதான். அந்த வழிக்கு வேண்டிய சாமான்கள் கோலமாவும், புளியங்கொட்டையும், ஒடித்த குச்சியுமே என்பது அதைவிட ஆச்சரியம்.

நம் ஊர்களில் கூட்டம் என்று சொல்லப்படும் வைபவத்தை ஒரு முறையாவது கூர்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். வேப்பமரத்தடியில் நாலு நாற்காலி. அவற்றில் யார் உட்காருவது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மற்றவர்கள் தரையிலும் திண்ணையிலுமாக இருப்பார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூட்டத்தின் விளிம்பிலே, எழுந்து போவதற்குச் சௌகரியமான இடத்தில் நிற்பார்கள். பேசத் தெரிந்தவர் பேசுவார். பேச உரிமையுள்ளவர் அதை ஆமோதிப்பார். முதல் நாள் இரவே யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் முடிவாகிவிட்ட விஷயம் மறுநாள் ஊர்த் தீர்மானமாக வெளிப்படும். எல்லாரும் “சரிங்க” என்பார்கள். அந்தச் ‘சரிங்க’ என்ற ஒரு சொல்லுக்குள்ளே சம்மதம், சலிப்பு, பயம், பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்ற சாமர்த்தியம் ஆகிய அனைத்தும் அடங்கியிருப்பதை அறியாத வெளியூர் மனிதர், ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது என்று சந்தோஷமாக ஜீப்பில் ஏறிவிடுவார்.

அந்த ஜீப்பில் ஏறும் மனிதரைப் பற்றி, அவருடைய ஜாதியைச் சேர்ந்த ஒருவரே மிகவும் நயமாக எழுதியிருக்கிறார். ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர், முதலில் கென்யாவில் காலனி ஆட்சியின் நிர்வாகியாக இருந்து, பிற்காலத்தில் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வளர்ச்சி ஆய்வு நிலையத்தில் அமர்ந்தவர். எழுபதுகளின் முற்பகுதியில், பசுமைப் புரட்சியினால் நெல் விளையும் பிரதேசங்களில் நேர்ந்த மாறுதல்களை ஆராய நம் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் இலங்கைக்கும் வந்த கேம்பிரிட்ஜ் குழுவில் அவரும் ஒருவர். பக்கம் பக்கமாகக் கேள்விகள் அச்சிட்ட படிவங்களை எடுத்துக்கொண்டு போய், களைத்துப்போன குடியானவரிடம் களைத்துப்போன குமாஸ்தா கேட்டு நிரப்பி, பிறகு அந்தப் படிவக் கட்டுகள் ஆராயப்படுவதற்கே வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கும் அக்காலத்து ஆராய்ச்சி முறையில் நம்பிக்கை இழந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1983-இல் அவர் வெளியிட்ட நூலில், நகரத்து நிபுணர் கிராமத்துக்குப் போய்வருவதை ஒருவகைச் சுற்றுலா என்றே வர்ணித்தார். தார் ரோடு போகிற வரைக்கும்தான் அவர் போவார். மழைக்காலத்தில் சேறு என்பதற்காக, மழை ஓய்ந்து விளைச்சல் வீடு வந்த பிறகே போவார். திட்டம் நடக்கிற ஊரையே பார்ப்பார். ஆண்களோடும், ஊரில் பெரிய தலைகளோடும் பேசுவார். மரியாதைக்குக் குறைவாகிவிடுமோ என்று சங்கடமான கேள்வியைக் கேட்காமலே திரும்புவார். ஆகவே ரோட்டிலிருந்து எட்டி, மழைக்காலத்தில், பசியோடு, நோயோடு இருக்கிற ஏழையை அவர் ஒரு நாளும் சந்திப்பதில்லை.

நோயைச் சொன்னவர்கள் மருந்தையும் தேடினார்கள். அந்த மருந்து ஒரு தனி மனிதரின் கண்டுபிடிப்பு அன்று என்பதைச் சேம்பர்ஸே வற்புறுத்திச் சொல்வார். தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் 1978 முதல், கோர்டன் கான்வே என்ற பூச்சியியல் நிபுணரும் அவருடைய சகாக்களும், ஒரு வயல்வெளியின் வாழ்க்கையைக் குறுக்குவெட்டுச் சித்திரமாகவும் பருவகாலப் படமாகவும் வரைந்து புரிந்துகொள்ளப் பழகினார்கள். 1985-இல் அதே தேசத்துக் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் இவ்வகை முறைகளைப் பற்றி ஒரு மகாநாடு நடந்தது. அதுவரையில் பென்சில் நிபுணர் கையில்தான் இருந்தது; கிராமவாசி சொல்ல, அவர் வரைந்தார். 1988-ஐ ஒட்டிக் கென்யாவிலும் குஜராத்திலும், அடுத்த வருஷங்களில் கர்நாடகத்தில் மைராடா ஸ்தாபனத்தின் களத்திலும், சின்னஞ்சிறு மாறுதலாகத் தோன்றுகிற ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது: பென்சிலை நிபுணர் கீழே வைத்துவிட்டார், கிராமவாசி குச்சியை எடுத்துக்கொண்டார். சேம்பர்ஸ் 1989 முதல் இரண்டு வருஷம் ஹைதராபாத்தில் தங்கி இதையெல்லாம் அருகிருந்து பார்த்தார். ‘பார்ட்டிசிபேட்டரி ரூரல் அப்ரைஸல்’, அதாவது ஊரார் பங்கேற்கும் கிராம மதிப்பீடு, என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்துப் ‘பி.ஆர்.ஏ.’ என்று இன்று தொண்டு ஸ்தாபன ஊழியர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் முறை இவ்விதம் உருவானதே.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். காலையில் வேலைக்குப் போகுமுன்போ, மாலையில் திரும்பிய பின்போ, ஊரின் நடுவே பெருக்கித் தெளித்த ஒரு மண் தரையைச் சுற்றி ஜனங்கள் நிற்கிறார்கள். வந்தவர் பிரசங்கம் செய்வதில்லை. “உங்க ஊரை இந்தத் தரையிலே காட்ட முடியுமா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த குச்சியை எதிரே நிற்பவரிடம் நீட்டிவிட்டு ஓரமாகக் குந்திக்கொள்கிறார். கொஞ்ச நேரம் ஒருவரும் அசைவதில்லை. பிறகு யாரோ ஒரு கிழவர், ஊரில் எதை எழுதினாலும் அங்கிருந்துதானே தொடங்கவேண்டுமென்ற நிச்சயத்தோடு, கோயிலுக்கு ஒரு கல்லை வைக்கிறார். கோயில் வந்ததும் தெரு வந்துவிடுகிறது. தெரு வந்ததும் “பஸ் நிக்கிற இடம் அங்க இல்ல, இந்தப் பக்கம்” என்று ஒரு பையன் கோட்டை அழிக்கிறான். கோட்டை இழுப்பதில் ஆண்கள் தடுமாறுகிறபோது, நாள் தவறாமல் விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்துப் பழகிய ஒரு பெண், பொறுக்கமாட்டாமல், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மாவை எடுத்து, ஓடையை ஒரே இழுப்பில் வளைத்துக் காட்டுகிறாள். வீட்டுக்கு ஒரு ஓட்டுச்சில்லு. அதில் ஆண்களுக்கு ஒரு விதை, பெண்களுக்கு வேறொரு விதை, குழந்தைகளுக்குச் சிறு கல். விதவை மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு குறி, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு ஒரு குறி. ஒரு மணி நேரத்தில் ஊர் தரையில் விரிந்துவிடுகிறது.

இதில் நிகழ்வது என்னவென்று யோசித்துப் பார்த்தால், வாய்ப்பேச்சுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் புலப்படும். பேசும்போது நாம் பேசுகிறவருடைய முகத்தைப் பார்க்கிறோம். அவர் சொல்வதை மறுப்பது அவரையே மறுப்பதாகிவிடுகிறது. பண்ணையாரைப் பார்த்து ‘நீங்கள் சொல்வது தப்பு’ என்று சொல்லக்கூடிய நாக்கு இன்னும் பல ஊர்களில் பிறக்கவில்லை. ஆனால் தரையில் படம் இருக்கும்போது எல்லாருடைய கண்களும் கீழே இருக்கின்றன. யாரும் யாரையும் பார்த்துப் பேசவேண்டியதில்லை. கிணறு வைக்கப்பட்ட இடம் தவறென்றால் கல்லை எடுத்து நகர்த்தி வைத்தால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். கையால் மறுப்பது வாயால் மறுப்பதைவிட எத்தனையோ மடங்கு சுலபம் என்பது, சபையில் பேசிப் பழகிய நமக்கு, அதாவது படித்தவர்களுக்கு, லேசில் தோன்றாத உண்மை. பேச்சு காற்றோடு போய்விடுகிறது. படமோ அங்கேயே கிடந்து, தாமதமாக வந்தவருக்கும் தன் கதையைச் சொல்லி, ‘எங்கே பிசகு?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

தரைக்குப் பதிலாகக் காகிதத்தில் வரைந்தால் என்ன என்று கேட்கலாம். காகிதம் சிறியது, அதைச் சுற்றி நாலு பேருக்குமேல் நிற்க முடியாது. பேனா ஒன்று, அதைப் பிடிக்கிறவர் படித்தவர். மையால் போட்ட கோட்டை அழிக்க எவருக்கும் மனம் வராது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னமே அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் மழைநீர் தேங்குவதைப் பற்றி ஒரு தடவை குடியிருப்போர் கூட்டம் போட்டோம். எழுதத் தெரிந்தவன் என்ற தகுதியில் நானே பெரிய தாளொன்றில் தெருவை வரைந்து, தண்ணீர் தேங்கும் இடங்களை நீல மையால் வட்டமிட்டேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், மனுவும் போயிற்று. அந்த ஐப்பசியில் மழை பெய்தபோது, நான் வட்டமிடாத இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தெருமுனையில் பூ விற்கும் அம்மாள் அந்தக் கூட்டத்துக்கு வந்து, கடைசிவரை நின்றுவிட்டுப் போனவள். “ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “வருஷா வருஷம் அங்கதானே சாமி நிக்குது. நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தீங்க. எழுதுற ஆள எப்படி நிறுத்துறது?” என்றாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் என் தாளில் ஏறாமற்போனதற்குக் காரணம் அவளுடைய கூச்சம் என்று அன்று சமாதானம் செய்துகொண்டேன். என் கையிலிருந்த பேனாதான் காரணமென்பது பின்னால் விளங்கிற்று.

ஊர்ப் படத்தைத் தவிர இந்த முறையில் வேறு சித்திரங்களும் உண்டு. ஊருக்கு உதவும் அல்லது உதவாத ஸ்தாபனங்களை, அதாவது பாங்கு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, வட்டிக்காரர் ஆகியவற்றை, பெரிதும் சிறிதுமான காகித வட்டங்களாக வெட்டி, ஊருக்கு எவ்வளவு கிட்டத்தில் எது இருக்கிறதென்று வைத்துக் காட்டுவதற்குச் ‘சப்பாத்திப் படம்’ என்று யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் தோன்றியிருந்தால் அது தோசைப் படமாகியிருக்கும். என் மனத்தை மிகவும் கவர்ந்தது பருவகாலப் படமே. வானம் பார்த்த பூமியில் இருக்கும் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வருஷத்தை, சித்திரை முதல் பங்குனி வரையில் பன்னிரண்டு கட்டங்களாகத் தரையில் கீறி, எந்த மாதம் மழை, எந்த மாதம் வேலை, எந்த மாதம் காய்ச்சல், எந்த மாதம் கடன், எந்த மாதம் ஒரு வேளைக் கஞ்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையாக விதைகளைக் குவித்து வைக்கச் சொல்வார்கள். தனித்தனியே கேட்டால் இவை ஐந்து கஷ்டங்கள். தரையில் வரிசை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதோ, ஐப்பசி கார்த்திகைக் கட்டங்களில் மழையும் காய்ச்சலும் கடனும் பசியும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவிந்து நிற்கின்றன. அறுவடைக்கு முன், வீட்டில் தானியம் தீர்ந்து, உடம்பு ஓய்ந்து, வட்டி ஏறி நிற்கும் அந்த இரண்டு மாதமே அந்தக் குடும்பத்தை வருஷம் முழுவதும் கீழே இழுக்கிறதென்பது தெரிகிறது. அனுபவித்தவர்களுக்கே அது ஒரு புதிய காட்சி. ‘கடன் கொடுக்கிற சங்கம் தை மாதத்தில் கொடுத்து என்ன பிரயோஜனம்?’ என்ற கேள்வி அந்தக் காட்சியிலிருந்தே பிறக்கும்.

படத்தைக் காட்டிச் சிந்திக்க வைக்கும் இந்தக் கலைக்குப் பிரேஸில் தேசத்தில் ஒரு மூத்த உறவு உண்டு. பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் 1963-இல் அங்கே அங்கிகோஸ் என்னும் வறண்ட பிரதேசத்து ஊரில், சுமார் 300 தொழிலாளிகளுக்கு ஏறக்குறைய 40 மணி நேரப் பாடத்திலே எழுத்தறிவித்தார். அவருடைய வகுப்பில் முதலில் வந்தது எழுத்தல்ல, சித்திரம். பிரான்ஸிஸ்கோ பிரென்னான்ட் என்ற ஓவியர் அவருக்காகப் பத்துச் சித்திரங்கள் தீட்டிக் கொடுத்தார். வில்லும் அம்புமாக ஒரு வேடன். துப்பாக்கியோடு ஒரு வேடன். எலியைப் பிடிக்கும் பூனை. மூவரும் வேட்டையாடுகிறார்களே, இவர்களில் யார் கருவி செய்கிறவர், யார் செய்யாதவர் என்று கேட்டுக்கொண்டே போனால், மண்பானை வனைகிற தானும் உலகத்தை மாற்றுகிற ஒரு மனிதன்தான் என்பது எழுத்தறியாத குயவனுக்குத் தானாகவே தோன்றிவிடும். இது எவ்வளவு வலிமையான பாடமென்பதை 1964-இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவத்தார் சரியாகவே உணர்ந்தார்கள். ஃபிரெய்ரேயைச் சிறையில் அடைத்தார்கள். அவர் தேசத்தைவிட்டுச் செல்ல நேர்ந்தது.

ஆனால் படம் பார்த்த கூட்டம் மாறிவிடுமா? அறிவது வேறு, மாறுவது வேறு என்பது நம் பெரியோர் பலவிதமாகச் சொல்லிய விஷயம். இதற்கு நான் அறிந்த உதாரணங்களில் மிகவும் துணிச்சலானதும், அதேபோல் மிகவும் சர்ச்சைக்கு இடமானதும், வங்காள தேசத்தில் ராஜஷாஹி ஜில்லாவைச் சேர்ந்த மோஸ்மோயில் என்னும் கிராமத்தில் 1999-2000-இல் தொடங்கியது. கமல் கர் என்ற இந்தியர், வாட்டர் எயிட் ஸ்தாபனமும் அதன் உள்ளூர்க் கூட்டாளியும் நடத்திவந்த கழிப்பிடத் திட்டத்தை மதிப்பிட அங்கே போனார். கழிப்பிடம் கட்ட மான்யம் கொடுக்கும் திட்டம் அது. மான்யத்தில் கட்டப்பட்ட கழிப்பிடங்கள் விறகு அடுக்கவும் ஆடு கட்டவும் உதவிய கதை நம் நாட்டவர்க்குப் புதிதல்ல. கமல் கர், மான்யத்தையும் உபதேசத்தையும் ஒருங்கே நிறுத்திவிடலாம் என்றார். பதிலாக ஊரைத் தரையில் வரையச் சொன்னார்.

அவ்விதம் பிறந்த முறை இன்று நடைபெறும் விதத்தைச் சொல்கிறேன். அருவருப்பை வாசகர் மன்னிக்க வேண்டும், ஏனெனில் அருவருப்பே இதன் உயிர்நாடி. தரையில் வரைந்த ஊர்ப் படத்தில் அவரவர் வீடு இருக்கும் இடத்தில் அவரவரை நிற்கச் சொல்கிறார்கள். பிறகு மஞ்சள் பொடியைக் கொடுத்து, காலையில் எங்கே ஒதுங்குகிறீர்களோ அங்கே கொஞ்சம் தூவுங்கள் என்கிறார்கள். சிரிப்பும் கேலியுமாக ஜனங்கள் ஏரிக்கரையிலும் புதர் ஓரத்திலும் தூவுகிறார்கள். “சரி, ராத்திரியிலே, மழையிலே, வயிற்றுப்போக்கு வந்தப்போ?” என்று அடுத்த கேள்வி வருகிறது. பொடி இப்போது வீடுகளை நோக்கி நெருங்கி வருகிறது. கொல்லைப்புறம், சந்து, கிணற்றடி என்று மஞ்சள் பரவுகிறபோது சிரிப்பு குறைகிறது. “மழை பெஞ்சா இதெல்லாம் எங்கே போகும்?” ஒருவர் விரலால் ஓடையைக் காட்டுகிறார், ஓடை குளத்தில் போய் முடிகிறது. இதற்குமேல் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, குடிக்கத் தயாரா என்று கேட்கிறார்கள், தயார் என்கிறார்கள். ஒரு தலைமயிரைப் பிடுங்கி, பக்கத்தில் கிடக்கும் மலத்தில் தொட்டுத் தண்ணீரில் முக்கி, இப்போது குடிக்கிறீர்களா என்றால் ஒருவரும் கிட்டே வருவதில்லை. “ஈக்குக் கால் எத்தனை?” “ஆறு.” “அது உங்க சாப்பாட்டிலே உட்காருமா?” அவ்வளவுதான். வந்தவர் ‘கழிப்பிடம் கட்டுங்கள்’ என்று சொல்வதில்லை, சொல்லவே கூடாது. உங்கள் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வந்தோம், தெரிந்துகொண்டோம், நமஸ்காரம் என்று புறப்படத் தயாராகிறார். அப்போது, எல்லா ஊரிலும் அல்ல, ஆனால் அநேக ஊர்களில், கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், நாளைக்கே எங்கள் வீட்டில் குழி தோண்டப்போகிறோம் என்கிறாள்.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக எத்தனையோ தேசங்களுக்கு இம்முறை பரவியிருக்கிறது. பத்து வருஷப் பிரசாரம் செய்யாததை ஒரு பிடி மஞ்சள் பொடி செய்தது எப்படி என்றால், வழக்கமாகத் தன் தன் வீட்டுக் காரியமென்று ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்ததை, எல்லாரும் சேர்ந்து எல்லாருக்கும் செய்துகொண்டிருக்கும் காரியமாக அது காட்டிவிட்டது என்பதே என் அபிப்பிராயம். ‘நான்’ என்று தெரியாதது ‘நாம்’ என்று தெரிந்துவிட்டது.

ஆயினும் இதில் என் மனம் முழுதும் ஒன்றவில்லை. வெட்கம் என்பது இருபுறமும் கூரான கத்தி. ஊர் தனக்குத்தானே வெட்கப்பட்டுத் திருந்துவது ஒன்று. ஊரில் வலியவர்கள் எளியவர்களை வெட்கப்படுத்துவது வேறொன்று. முன்னது பின்னதாக மாற வெகு நேரம் பிடிப்பதில்லை. புதரோரம் ஒதுங்குகிறவர்களைத் துரத்தி விசில் ஊதுவதும், புகைப்படம் எடுப்பதும், அரசாங்க உதவியை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டுவதும் இந்தியாவின் சில பகுதிகளில் நடந்தே இருக்கின்றன. நிலமில்லாதவன் எங்கே குழி தோண்டுவான் என்ற கேள்வியும், நிரம்பிய குழியை யார் அள்ளுவது, எந்த ஜாதிக்காரனை அள்ளச் சொல்வார்கள் என்ற கேள்வியும் மஞ்சள் பொடியில் தெரிவதில்லை.

இன்னும் அடிப்படையான ஒரு தடங்கல் உண்டு. படம் வரைவதற்குப் பொது இடம் வேண்டும். பொது இடம் எல்லாருக்கும் பொதுவாக எந்த ஊரில் இருக்கிறது? ஊர்க் கோயில் முற்றத்தில் வரைந்தால் காலனியிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், வந்தாலும் எங்கே நிற்பார்கள், காலனியே படத்தில் எத்தனை விரற்கடை இடம் பெறும் என்பதை நம் கிராமங்களை அறிந்தவருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. டேவிட் மோஸ் என்ற மானிடவியல் அறிஞர், மேற்கு இந்தியாவில் ஆதிவாசிகளின் மானாவாரி விவசாயத்துக்கான ஒரு திட்டத்தில் கூட இருந்து கண்டதை 1994-இல் எழுதினார்: இந்தப் படக் கூட்டங்கள் சந்தடியும் வெளியாட்களும் நிறைந்த பகிரங்க வைபவங்களாக இருப்பதனாலேயே பெண்கள் விலகிப்போகிறார்கள், வருகிறவர்கள் ஊரின் அபிப்பிராயமென்று முன்வைப்பது பெரும்பாலும் ஊரில் செல்வாக்குள்ள ஆண்களின் அபிப்பிராயமே. படத்துக்கு ஒரு வசீகரம் உண்டு. அது பேச்சைவிட உண்மைபோலத் தோன்றும். ஆகவே அதில் விடுபட்டவர்கள் இரண்டு தடவை விடுபட்டவர்களாகிறார்கள். அனுபவமுள்ள ஊழியர்கள் இதனால்தான் ஒரே ஊரை மூன்று இடங்களில், பெண்களிடம் தனியாகவும் காலனியில் தனியாகவும் வரையச் சொல்லி, மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அந்த ஊரின் உண்மையான விவகாரம் இருக்கும்.

பிறகு, எந்த நல்ல காரியத்துக்கும் நேர்கிற கதி இதற்கும் நேர்ந்தது. அது இலாக்காக்களின் கைக்குப் போய்ச் சடங்காயிற்று. காலை பத்து மணிக்கு வந்து, பதினொன்றரைக்குப் படம் போட்டு, போட்டோ எடுத்து, பன்னிரண்டுக்குச் சாப்பிட்டுவிட்டு, ‘பி.ஆர்.ஏ. முடிஞ்சது’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகிற முகாம்களை நானே பார்த்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்ததும் உண்டு. 2005-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘புது வாழ்வு’ திட்டத்தில், ஏழைகள் யார் என்பதை மேலிருந்து வந்த பட்டியலைக்கொண்டு தீர்மானிக்காமல், ஊராரே படம் வரைந்து வீடு வீடாக விவாதித்துக் கண்டறிந்து, கிராமசபையில் வைத்து ஒப்புதல் பெறவேண்டும் என்று விதித்தார்கள். அந்த ஒரு விதிக்குள்ளே எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நகரத்துக் கம்பெனிகளிலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று உலவுகிறது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 1977-இல் டேவிட் ஸிப்பெட் என்பவர் தொடங்கிய ஸ்தாபனம் முதலாகப் பலர், சுவர் நிறையக் காகிதத்தை ஒட்டி, கூட்டத்தில் பேசப்படுவதை உடனுக்குடன் சித்திரமாக வரைந்து காட்டுவதை ஒரு தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு அழகானது, வரைகிறவர் கைதேர்ந்த கலைஞர். ஆனால் மார்க்கர் அவர் கையிலேயே இருக்கிறது. கம்பெனி முதலாளி எதிரே நிற்கையில் அதை வாங்கி ஒரு கோட்டை அழிக்கத் துணிகிற குமாஸ்தாவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இத்தகைய கூட்டங்களை நடத்திவைப்பவருக்குத் தமிழில் இன்னும் சரியான பேர் அமையவில்லை. எளிதாக்குநர் என்கிறார்கள், நெறியாளர் என்கிறார்கள். களத்தில் அவரை ‘டிரெய்னர்’ என்றே அழைக்கிறார்கள், அவர் செய்யக்கூடாத ஒரே காரியம் டிரெய்னிங் கொடுப்பதாக இருந்தும். எனக்கு நம் வீட்டுப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் நினைவே வருகிறது: பிள்ளை அவளுடையதல்ல, வலியும் அவளுடையதல்ல, எப்போது கையை நீட்டுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பது மாத்திரமே அவளுடைய வித்தை. குச்சியை நீட்டிவிட்டு, எதிரே இருப்பவர் தயங்கும் அந்த இரண்டு நிமிஷ மௌனத்தைத் தாங்கிக்கொள்ள முடியாமல், ‘நான் ஆரம்பிச்சுக் குடுக்கிறேன்’ என்று தானே முதல் கோட்டை இழுத்துவிடுகிறவர்களே பத்துக்கு ஒன்பது பேர். அந்த முதல் கோடு விழுந்த பிறகு அந்தப் படம் ஊருடையதல்ல.

கூட்டம் கலைந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கும். தரைப் படத்தைத் தாளில் பிரதி எடுக்க வேண்டும். எடுத்த பிரதியில் ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவதென்பது நல்ல ஊழியர்களின் சம்பிரதாயம். அவசரத்தில் பலர் அதை மறந்து, ஒரே பிரதியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். தரையிலே மிச்சமிருக்கும் ஊரில், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் நின்று பார்க்கிறார்கள். ஆட்டுக்குட்டி ஒன்று பஞ்சாயத்து ஆபீஸை மிதித்துக்கொண்டு போகிறது. அரிசிமாவில் போட்ட ஓடையை ஓரத்திலிருந்து எறும்புகள் இழுத்துக்கொண்டு போகத் தொடங்கிவிடுகின்றன.